சீட்டில் ‘பிசியோதெரபி’ என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள்: நல்ல இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, உள்ளே என்ன நடக்கும்?

மருத்துவர் சீட்டில் ‘பிசியோதெரபி’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டைச் சுற்றி நாலைந்து இடங்கள் இருக்கின்றன. எங்கே போவது, போனால் என்ன செய்வார்கள், எத்தனை நாள் போக வேண்டியிருக்கும் என்பது உங்கள் கேள்வி. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தொட்டுப் பார்த்து, அளந்து, அந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, உங்களுக்கென்று பயிற்சி சொல்லிக்கொடுத்து, அதை வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போகிற இடம் நல்ல இடம். எத்தனை மெஷின் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தேடத் தொடங்குவதற்கு முன்னால் அந்தச் சீட்டை எழுதியவரிடமே இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்ன பிரச்சினை என்று கருதுகிறார், எதற்காக அனுப்புகிறார், எந்த அசைவைச் செய்யக்கூடாது. இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை நடந்திருந்தால் எந்த அறுவை, எந்தத் தேதி, எதைத் தைத்தார்கள் என்ற குறிப்பு இல்லாமல் பிசியோவிடம் போகவே கூடாது. கால் எலும்பு முறிந்தவர்களுக்கு அந்தக் காலை ஊன்றவே கூடாதா, விரல் நுனி மட்டும் தரையில் படலாமா, பாதி எடை போடலாமா, முழு எடையும் போடலாமா என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தோள்பட்டையில் கிழிந்த தசைநாணைத் தைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தைத்த நாண் எலும்போடு ஒட்டிப் பலப்பட ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் ஆகும். அதனால்தான் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் கையைத் தூளியில் தொங்கவிடச் சொல்கிறார்கள். இந்தக் காலத்தில் பிசியோ கையைப் பிடித்து மெதுவாக அசைத்துவிடலாம். நீங்களாகவே கையைத் தூக்கினால் தையல் விட்டுப்போகும் ஆபத்து உண்டு. அறுவைக் குறிப்பைக் கேட்காமலே ‘கையை மேலே தூக்குங்க பார்ப்போம்’ என்று ஒருவர் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

தகுதி விஷயத்துக்கு வருவோம். மசாஜ் செய்பவர், ஜிம் பயிற்சியாளர், எலும்பு கட்டுபவர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் வெவ்வேறு. பிசியோதெரபிஸ்ட் என்பவர் இயன்முறை மருத்துவத்தில் பட்டம் பெற்றவர். பல நாடுகளில் அரசு மன்றத்திலோ வாரியத்திலோ பதிவு செய்துகொண்டால்தான் தொழில் செய்ய முடியும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நிறைய மன்றங்களில் பெயரைப் போட்டால் இணையத்திலேயே சரிபார்த்துவிடலாம். எங்கே தேடுவது என்றே தெரியவில்லை என்றால், 1951-ல் தொடங்கிய ‘வேர்ல்ட் பிசியோதெரபி’ என்ற உலக அமைப்பின் தளத்தில் நாடுவாரியாகத் தேசியச் சங்கங்களின் பட்டியல் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் நாட்டுச் சங்கத்துக்குப் போகலாம். சில நாடுகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே நேராகப் போகலாம், சிலவற்றில் சீட்டு கட்டாயம். காப்பீட்டில் போவதானால் எத்தனை அமர்வு வரை ஏற்பார்கள், முன் அனுமதி வேண்டுமா என்பதை முதல் நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பாதியில் நின்றுபோகும் சிகிச்சைகளில் பல இந்தக் கணக்கு தெரியாததால் நிற்பவை.

பட்டம் இருந்தால் போதுமா? சாதாரண இடுப்பு வலிக்கும் கழுத்து வலிக்கும் கணுக்கால் சுளுக்குக்கும் போதும். சில பிரச்சினைகளுக்கு அந்தத் துறையிலேயே பழகியவர்தான் வேண்டும். பக்கவாதம், குழந்தைகளின் வளர்ச்சித் தாமதம், கை விரல் நாண் அறுவை, புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் கை வீக்கம், பிரசவத்துக்குப் பின் சிறுநீர்க் கசிவு, தலைசுற்றல் எல்லாம் அப்படிப்பட்டவை. படுக்கையில் புரளும்போது சில விநாடி உலகமே சுழல்கிற தலைசுற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்காதில் இடம் மாறிய சிறு துகள்களால் வருவது அது. பழகிய பிசியோ தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிப் பெரும்பாலும் ஓரிரு அமர்விலேயே சரிசெய்துவிடுவார். பழகாதவரிடம் போனால் வாரக்கணக்கில் கழுத்துக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே ‘என்னுடைய பிரச்சினை மாதிரி நீங்கள் அடிக்கடி பார்ப்பதுண்டா?’ என்பது கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

இதைப் போனிலேயே கேட்கலாம். கூடவே, முதல் நாள் எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள், அதில் பிசியோவே உடன் இருப்பது எத்தனை நிமிடம், ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்ப்பார், ஒவ்வொரு முறையும் அதே ஆள்தானா என்றும் கேளுங்கள். முதல் அமர்வுக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், அடுத்தடுத்தவற்றுக்கு அரை மணியாவது வேண்டும். ஒருவர் நான்கு கட்டில்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தால், உங்களுக்குக் கிடைக்கப்போவது மெஷினோடு தனியாகப் படுத்திருக்கும் நேரம்தான். உதவியாளர் பயிற்சியை மேற்பார்வை செய்வதில் தவறில்லை. பரிசோதனையும் திட்டத்தை மாற்றுவதும் மட்டும் பிசியோவின் கையில் இருக்க வேண்டும்.

முதல் நாள் போகும்போது எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவைக் குறிப்பு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாம் எடுத்துப்போங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, ஸ்டீராய்டு இரண்டையும் சொல்லாமல் விடக்கூடாது. ரத்தம் இளகியிருந்தால் அழுத்திப் பிடித்துவிடுவதில் ரத்தம் கட்டும். நீண்டநாள் ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைத்திருக்கும். முழங்கால் என்றால் அரைக்கால் சட்டை, தோள் என்றால் கையில்லாத சட்டை. தினமும் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டே போங்கள், அதன் அடிப்பாகம் தேய்ந்திருக்கும் விதமும் ஒரு தகவல்.

உள்ளே முதலில் பேச்சுதான். எப்போது தொடங்கியது, காலையில் அதிகமா மாலையில் அதிகமா, எது செய்தால் கூடுகிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது, இரவில் வலியால் விழிப்பு வருகிறதா, என்ன வேலை செய்கிறீர்கள், வலி போனால் முதலில் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று பத்துப் பதினைந்து நிமிடம் கேட்பார். இந்தப் பேச்சிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடும். ‘இடுப்பு வலி’ என்று சொன்னதும் ‘படுங்க’ என்பவர் இந்தப் பாதியைத் தவறவிடுகிறார்.

அடுத்து நிற்பது, நடப்பது, குனிவது, உட்கார்ந்து எழுவது. பிறகு அளவு. மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கோணமானி வைத்து டிகிரியில் அளப்பார்கள். தசை பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிகிறது, ஆனால் விரலால் அழுத்தினாலே இறங்கிவிடுகிறது. 5 என்றால் முழு எதிர்ப்பையும் தாங்குகிறது. கால் வரை வலி இறங்கினால் மல்லாக்கப் படுக்கவைத்து நீட்டிய காலை மேலே தூக்கிப் பார்ப்பார், உணர்ச்சி சோதிப்பார், சுத்தியலால் முட்டியில் தட்டுவார். வயதானவர் என்றால் 30 விநாடியில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணுவார். 60 முதல் 64 வயதுக்குள் ஆண் 14-க்கும் பெண் 12-க்கும் குறைவாக எழுந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே என்று கொள்வார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பிவந்து உட்காருவதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் விழும் அபாயம் உண்டு.

இந்த எண்களை நீங்களும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ‘கொஞ்சம் பரவாயில்லைன்னு தோணுது’ என்பதை நம்பி மாதக்கணக்கில் போய்வருகிறவர்கள் நிறையப் பேர். முதல் நாள் 70 டிகிரி மடங்கிய முழங்கால் மூன்று வாரம் கழித்தும் 72-ல் நின்றால் ஏதோ சரியில்லை என்று எண்ணே சொல்லிவிடும். சமதரையில் நடக்க முழங்கால் 60, 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 85-லிருந்து 100 வரை வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து எழ அதற்கும் மேலே வேண்டும். உங்கள் ஆசை எந்தப் படியில் இருக்கிறது என்பதை வைத்து இலக்கு முடிவாகும்.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துப் பயந்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்ந்திருந்தது. தேய்மானம் இருக்கிறது என்பதாலேயே வலி அதிலிருந்துதான் வருகிறது என்று ஆகிவிடாது. நல்ல பிசியோ ஸ்கேனையும் உடம்பில் கண்டதையும் ஒப்பிட்டுச் சொல்வார். ‘எலும்பு இடம் விட்டு நகர்ந்திருக்கு, நான் தள்ளி உட்காரவைக்கிறேன்’ என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முதுகெலும்பு அப்படி விரலால் தள்ளி நகர்கிற பொருள் இல்லை.

இனி மெஷின்கள். கரண்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் அல்ல, ஒலியலையால் செய்யும் சிகிச்சை), இழுவை (முதுகையோ கழுத்தையோ இழுத்துப் பிடிப்பது), மெழுகு ஒத்தடம் என்று பல உண்டு. சூடு கொடுத்தால் சற்று நேரம் வலி அடங்கும், அந்த நேரத்தில் பயிற்சி செய்ய வசதியாக இருக்கும். அதோடு சரி. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட இடுப்பு வலி வழிகாட்டுதல் அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இன்டர்ஃபெரன்ஷியல் கரண்ட் (இரண்டும் தோல் வழியாக மின்சாரம் கொடுக்கும் முறைகள்), இழுவை நான்கையும் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. 2022-ல் வந்த அதே அமைப்பின் மூட்டுத் தேய்மான வழிகாட்டுதல் பயிற்சியை எல்லோருக்கும் பரிந்துரைத்துவிட்டு, மின்சிகிச்சைகளைத் தவிர்க்கச் சொல்கிறது. விதிவிலக்கு உண்டு. முழங்கால் அறுவைக்குப் பின் தொடைத் தசை இறுக மறுத்துச் செயலற்றுக் கிடக்கும்போது, அதைச் சுருங்கவைக்கும் மின்தூண்டல் நிஜமாகவே உதவுகிறது. அப்போதும் நீங்கள் சும்மா படுத்திருக்கக் கூடாது, துடிப்பு வரும் ஒவ்வொரு முறையும் சேர்ந்து தசையை இறுக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு ஷார்ட்வேவ் சூடு (ரேடியோ அலையால் உள்ளே ஆழமாகக் கொடுக்கும் சூடு) ஆகாது. கருவுற்றவர்களுக்கும் உடம்பில் உலோகம் வைத்தவர்களுக்கும் அது கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் எந்தச் சூடும் ஆபத்து, கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும்.

கையால் செய்யும் சிகிச்சையும் அப்படித்தான். மூட்டை மெல்ல அசைத்துவிடுவதும் தசையை அழுத்தித் தளர்த்துவதும் அசைவுக்கு வழி திறந்துவிடும். திறந்த வழியில் நீங்கள் நடக்காவிட்டால் இரண்டு நாளில் மறுபடி மூடிக்கொள்ளும். நெட்டி முறிக்கிற சத்தம் கேட்டால்தான் சரியானதாக அர்த்தம் என்றில்லை. அது மூட்டுத் திரவத்தில் வாயு குமிழ் உருவாகும் சத்தம். கழுத்தை வெடுக்கென்று திருப்பும் முறையில், அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்துபோகக்கூடும். உங்களிடம் விளக்கிச் சம்மதம் வாங்காமல் அதை யாரும் செய்யக்கூடாது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான உட்பரிசோதனைக்கும் இதே சட்டம்: விளக்கம், சம்மதம், விரும்பினால் துணைக்கு ஒருவர்.

உண்மையான மருந்து பயிற்சி. மருந்து என்றால் அளவு வேண்டுமே, பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தசை பலமாக வேண்டுமென்றால் கடைசி இரண்டு மூன்று முறை நிஜமாகவே கஷ்டமாக இருக்க வேண்டும். 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நடுவே ஓய்வு என்பது வழக்கமான தொடக்கம். பன்னிரண்டு முறையும் சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். இரண்டு மாதமாக அதே மஞ்சள் ரப்பர் பட்டையை அதே பத்து முறை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அது சிகிச்சையாக இல்லை. நீட்டும் பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் 30 விநாடி பிடித்து நான்கு முறை செய்தால் போதுமானது. முதல் மூன்று நான்கு வாரத்தில் பலம் கூடுவது நரம்பு அந்தத் தசையை நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால். தசை பருக்க ஆறு, எட்டு வாரமாவது ஆகும். இது தெரியாமல்தான் இரண்டாம் வாரத்தில் ‘ஒன்றும் மாறவில்லை’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

வலிக்கும்போது செய்யலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 0 முதல் 10 வரையிலான அளவில் 3 வரை வலி வந்தால் தொடரலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் அடுத்த முறை எடையையோ எண்ணிக்கையையோ குறையுங்கள், பயிற்சியையே நிறுத்தாதீர்கள். புதுப் பயிற்சிக்குப் பின் தசையில் வரும் கடுப்பு ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும். மூட்டு வீங்குவது வேறு. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வீட்டுப் பயிற்சி மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு படம் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தால் யாரும் செய்வதில்லை. ஒவ்வொன்றையும் பிசியோ முன்னால் நீங்களே செய்து காட்டி, உங்கள் போனில் உங்களையே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இணையத்தில் வேறு யாரோ செய்வதைப் பார்ப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். வீட்டில் இருப்பவர்களையும் ஒரு நாள் கூட்டிப்போங்கள். முழங்கால் மாற்று அறுவை ஆனவருக்குப் பாவம் என்று முட்டிக்கடியில் தலையணை வைப்பவர்கள் அவர்கள்தான். இதமாகத்தான் இருக்கும். ஆனால் கால் சற்று மடங்கிய நிலையிலேயே இறுகிப்போய், பிறகு நீட்டவே முடியாமல் நொண்டி நடக்க நேரும். வைக்க வேண்டுமானால் குதிகாலுக்கடியில் வையுங்கள். பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது பலமிழந்த கையைப் பிடித்து இழுப்பது இன்னொரு தவறு, தோள் மூட்டு இறங்கிவிடும். அப்படிப்பட்டவருக்கு எழுவது, கோப்பையைப் பிடிப்பது போன்ற அன்றாடச் செயலையே திரும்பத் திரும்பப் பழக்குவதுதான் பலன் தரும்.

எத்தனை நாள் ஆகும் என்பது நோயைப் பொறுத்தது. சாதாரணச் சுளுக்கு சில வாரம். தசைநாண் வலி குறைந்தது பன்னிரண்டு வாரம். உறைந்த தோள்பட்டை ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை இழுக்கும், அதில் முதல் கட்டத்தில் வலுக்கட்டாயமாகத் திருப்பினால் வலி ஏறுமே தவிரத் தோள் திறக்காது. முழங்கால் மாற்று அறுவையில் முதல் ஆறு வாரம் பொன்னான காலம். அதில் மடங்காத காலுக்குப் பிறகு மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் நிலை வரலாம். முழங்காலின் முன் ஜவ்வைப் புதிதாக வைத்தவர்கள் விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும். 2016-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாள்கணக்கு மட்டும் போதாது, அடிபட்ட கால் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும்.

பரிசோதிக்காமலே முப்பது அமர்வுக்கு மொத்தப் பணம் கேட்கும் இடத்தில் கட்டாதீர்கள். நான்கு முதல் ஆறு அமர்வுக்குள் முதல் நாள் எடுத்த அதே அளவை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எண் நகர்ந்திருந்தால் தொடருங்கள். நகரவில்லை என்றால் திட்டம் மாற வேண்டும், அல்லது மருத்துவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். ‘இது எனக்குப் பிடிபடவில்லை, மருத்துவரைப் பாருங்கள்’ என்று சொல்கிற பிசியோ கிடைத்தால் அவரை விடாதீர்கள், அடுத்த பிரச்சினைக்கும் அவரிடமே போங்கள். இடம் மாறுவதானால் இதுவரையிலான குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சில அறிகுறிகள் வந்தால் பிசியோவுக்கு நேரம் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. முதுகு வலியோடு சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, இரு கால்களும் பலமிழப்பது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று பொருளாக இருக்கலாம், மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பாகிவிடக்கூடும். அறுவைக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அதைப் பிடித்துவிடவே கூடாது. அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸ்தான். காய்ச்சலுடன் முதுகு வலி, காரணமில்லாத எடை இழப்பு, எப்படிப் படுத்தாலும் அடங்காத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு வலி, இவற்றுக்கு முதலில் மருத்துவர், பிறகுதான் பயிற்சி.

எல்லாம் நன்றாகப் போனால் அமர்வுகள் வாரம் இரண்டிலிருந்து ஒன்றாக, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைய வேண்டும். கடைசி நாளில் கையில் வாங்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. முதல் நாள் அளவும் கடைசி நாள் அளவும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய தாள் ஒன்று. தொடர்ந்து செய்ய வேண்டிய இரண்டு மூன்று பயிற்சிகள், அவற்றில் எடையை எப்போது எவ்வளவு கூட்டுவது என்ற குறிப்போடு. வலி திரும்ப வந்தால் முதல் ஒரு வாரம் நீங்களே எதைக் குறைத்து எதைத் தொடர வேண்டும், எந்த நிலையில் மறுபடி வர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.